பாம்பர் கமாண்டுக்குத் தனிப் பதக்கம் தராதது அநீதியா?

கெசட்பித்தன்:
இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவான பாம்பர் கமாண்டில் பறந்தவர்கள் ஏறத்தாழ 1,25,000 பேர். மாண்டவர்கள் 55,573 பேர். முப்பது முறை பறந்து முடித்தால்தான் முதல் சுற்று முடியும். அதற்குள் பாதிப்பேர் காணாமல் போவார்கள். இவர்களுக்கென்று ஒரு பதக்கம் கிடையாது. 1945 மே 13 வெற்றி உரையில் சர்ச்சில் இவர்களைப் பட்டும் படாமலும் தாண்டிப்போனார். 2013இல்தான், 1939-45 நட்சத்திரம் என்ற போர்ப்பதக்கத்தின் ரிப்பனில் மாட்டிக்கொள்ள ஒரு சிறு உலோகப் பட்டை கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ள எத்தனை பேர் மிஞ்சியிருந்தார்கள்? குண்டுவீச்சில் எரிந்த ஜெர்மன் நகரமான டிரெஸ்டனைப் பற்றிக் கேள்வி எழுந்ததும் அரசியல்வாதிகள் கை கழுவினார்கள், பழி பறந்தவர்கள் தலையில் விழுந்தது என்பது என் வாதம்.

பனைநிழல்:
ஐயா, கண்ணீரை ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். சண்டை விமானப் பிரிவான ஃபைட்டர் கமாண்டுக்குத் தனிப் பதக்கம் இருந்ததா? இல்லை. 1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை நடந்த பிரிட்டன் போரில் பறந்தவர்களுக்கு மட்டும் ஒரு பட்டை. 1941இலோ 1943இலோ ஸ்பிட்ஃபயர் சண்டை விமானத்தில் செத்தவனுக்கு அதுவும் இல்லை. பாம்பர் ஆட்களுக்கு ஏர்குரூ யூரோப் நட்சத்திரம் என்ற பதக்கம் இருந்தது. வெளிர்நீல ரிப்பன், இரு பக்கமும் மஞ்சள் கோடு, ஓரத்தில் கறுப்பு. வானம், தேடுவிளக்கு, இரவு. இதைவிடத் தெளிவாக யாரை நினைத்து நெய்வார்கள்?

கெசட்பித்தன்:
அந்த நட்சத்திரத்தின் கதையை முழுதாகச் சொல்லுங்கள். 1944 ஜூன் 5 நள்ளிரவோடு கடையை மூடிவிட்டார்கள். மறுநாளிலிருந்து போர்க்களப் பணிக்கு வந்தவனுக்கு, நார்மண்டியில் இறங்கிய காலாட்படைக்காரனுக்குக் கொடுத்த அதே பிரான்ஸ்-ஜெர்மனி நட்சத்திரம்தான். அதே லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம், ஜெர்மனியின் அதே ரூர் பள்ளத்தாக்கு, அதே விமான எதிர்ப்புப் பீரங்கி. ரிப்பன் மட்டும் வேறு.

செங்கல்சூளை:
இருவரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். டிரெஸ்டனில் சுமார் 25,000 பேர் இறந்தார்கள். குண்டு போட்டவனுக்குப் பதக்கம் கேட்கிறோம். குண்டு விழுந்த வீட்டுக்காரன் என்ன நினைப்பான்? 1945 மார்ச் 28 குறிப்பில் சர்ச்சிலே, பீதியைக் கிளப்புவதற்காக நகரங்களைத் தாக்குவதை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று எழுதி, பிறகு தளபதிகள் முகம் சுளித்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தச் சங்கடம்தான் பதக்கம் வராததற்குக் காரணம். எனக்கு அது நியாயமான சங்கடமாகவே படுகிறது.

மணிமேகலை_கடலூர்:
செங்கல்சூளை, எந்த நகரத்தை எரிப்பது என்று முடிவுசெய்தது அமைச்சரவையும் தலைமையகமும். பத்தொன்பது வயது வால்துப்பாக்கிக்காரனிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. கொள்கைக்கான தண்டனையை அவன் மார்பில் குத்தாதீர்கள்.

ஆனால் கெசட்பித்தன் அவர்களே, பட்டை பற்றிய சண்டையை விடப் பெரிய ஓட்டை வேறெங்கோ இருக்கிறது. தனிப்பட்ட வீரத்துக்குத் தந்த விருதுகளின் பதிவைப் பாருங்கள். 1943 மே 16 இரவு ஜெர்மன் அணைகள் மீதான தாக்குதலில் 19 விமானங்களில் 133 பேர் போனார்கள். 53 பேர் இறந்தார்கள், 34 பேருக்கு விருது. விமானி மெக்கார்த்தி அதிகாரி, அவருக்கு அதிகாரிகளுக்கான டி.எஸ்.ஓ. விருது. விமானிகள் டவுன்செண்டும் பிரவுனும் அதிகாரி அல்லாத ஃபிளைட் சார்ஜென்ட்கள், அவர்களுக்கு அந்தத் தரத்துக்கான சி.ஜி.எம். டவுன்செண்டின் விமானத்துக்குள்ளேயே வழிகாட்டி ஹோவர்ட் அதிகாரி என்பதால் டி.எஃப்.சி. என்ற பறப்பு வீர விருது; சார்ஜென்ட் தரத்தில் இருந்த மற்ற ஐவருக்கும் அதற்கு இணையான டி.எஃப்.எம். பதக்கம். ஒரே இரவு, ஒரே விமானம். அவர்கள் தனித்தனி வானத்திலா பறந்தார்கள்?

பனைநிழல்:
அது அன்றைய படைமரபு, அம்மா. தரைப்படையிலும் அப்படித்தான்: அதிகாரிக்கு மிலிட்டரி கிராஸ், சிப்பாய்க்கு மிலிட்டரி மெடல். 1993இல் இந்தப் பாகுபாட்டை எடுத்துவிட்டார்கள். டி.எஃப்.எம். தாழ்ந்தது என்று நினைக்கவேண்டாம். போர்க்காலத்தில் டி.எஃப்.சி. இருபதாயிரத்தைத் தாண்டியது, டி.எஃப்.எம். ஏழாயிரத்தைக்கூட எட்டவில்லை. சேகரிப்பவர்கள் எதைத் துரத்துகிறார்கள் என்று ஏலக்காரரைக் கேளுங்கள்.

மணிமேகலை_கடலூர்:
நீங்கள் சொன்ன எண்ணிக்கையே என் வாதம்! விமானங்களில் பெரும்பாலோர் சார்ஜென்ட்கள். விருதோ அதிகாரிகளுக்கு மூன்று மடங்கு. அரிதாக இருப்பதால் இன்று விலை ஏறியது. அன்று அரிதாக்கியது யார்?

கெசட்பித்தன்:
இன்னொன்றும் உண்டு: சாட்சி. நார்மன் ஜாக்சனை எடுத்துக்கொள்ளுங்கள். 1944 ஏப்ரல் 26 இரவு, ஷ்வைன்ஃபுர்ட். லங்காஸ்டரின் இறக்கையில் தீ. அவர் விமானப் பொறியாளர். தீயணைப்பானைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, இருபதாயிரம் அடி உயரத்தில் கூரை வழியாக வெளியே ஏறினார். ஏறும்போதே பாராசூட் உள்ளே விரிந்துவிட்டது. தோழர்கள் அதன் கயிறுகளைப் பிடித்துக்கொண்டு, மீன்பிடிக் கயிற்றை விடுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். தீயணைப்பான் காற்றில் போயிற்று, அவர் எரியும் பாராசூட்டோடு விழுந்து பிழைத்துச் சிறைப்பட்டார். இந்தக் கதை தப்பிப் பிழைத்த தோழர்கள் நால்வர் சிறை முகாமிலிருந்து திரும்பிச் சொன்ன பிறகுதான் வெளியே வந்தது. 1945 அக்டோபரில் வீரத்துக்கான உச்ச விருதான விக்டோரியா கிராஸ். அந்த நால்வரும் விமானத்தோடு எரிந்திருந்தால், பதிவேட்டில் ‘திரும்பவில்லை’ என்ற ஒற்றைச் சொல்தான் மிஞ்சியிருக்கும்.

அதற்கு மேல், அன்று எதிரியோடு போரிட்டு இறந்தவருக்குத் தரக்கூடியவை இரண்டே இரண்டு: விக்டோரியா கிராஸ், இல்லையென்றால் தளபதியின் அறிக்கையில் பெயர்க் குறிப்பு. இடையில் எதுவும் இல்லை. டி.எஃப்.சி. வேண்டுமானால் உயிரோடு இருக்கும்போதே பரிந்துரை ஆகியிருக்கவேண்டும்.

செங்கல்சூளை:
பதக்கம் கூடாது என்று வந்தேன்; இப்போது பதக்கமே சரியாகக் கணக்கிடப்படவில்லை என்கிறீர்கள். அப்படியானால் இன்னொரு பதக்கத்தை எதற்குச் சேர்க்கவேண்டும்? ஏற்கெனவே இருக்கும் கணக்கைத் திருத்துங்கள்.

பனைநிழல்:
திருத்துவதற்கு ஆதாரம் வேண்டும். விருதுகளை அறிவிக்கும் அரசிதழான லண்டன் கெசட்டில் பல நேரம் பெயர், எண், படைப்பிரிவு எண், அவ்வளவே. எதற்காக என்று ஒரு வரி இருக்காது. லண்டனின் கியூவில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக்காப்பகத்தின் பரிந்துரைப் படிவங்களில்தான் விவரம்: எத்தனை முறை பறந்தார், எத்தனை மணி நேரம், ஸ்க்வாட்ரன் என்ற படைப்பிரிவின் தலைவர் என்ன எழுதினார், தளத்தின் தலைவர் அதன்கீழ் என்ன சேர்த்தார். ஒரு குறிப்பிட்ட செயலுக்கான ‘உடனடி’ விருதா, சுற்று முடித்ததற்கான வழக்கமான விருதா என்பதும் அங்கேதான் தெரியும். எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து வீரம் என்று அளக்கிறவர்கள் இந்தத் தாளைப் புரட்டுவதில்லை.

புதியவன்77:
இடையில் ஒரு கேள்வி. இணையத்தில் ஏர்குரூ யூரோப் நட்சத்திரம் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. பின்புறத்தில் பெயர் இல்லை. போலியா?

கெசட்பித்தன்:
பெயர் இல்லாததால் மட்டும் போலி ஆகாது, தம்பி. பிரிட்டன் தன் ஆட்களுக்கு இந்த நட்சத்திரங்களைப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. (இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பெயர் உண்டு.) ஆனால் அதிகம் போலி செய்யப்படும் நட்சத்திரமும் இதுதான். டி.எஃப்.சி.யிலும் ஆண்டு மட்டும் இருக்கும், டி.எஃப்.எம்.மின் விளிம்பில்தான் எண்ணும் பெயரும் இருக்கும். விற்பவர் பறப்புப் பதிவேட்டைக் காட்டினால் பேசுங்கள். வாயால் சொல்லும் கதைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

மணிமேகலை_கடலூர்:
பதிவேட்டிலும் பனைநிழல் சொன்ன பரிந்துரைப் படிவத்திலும் பறந்த எண்ணிக்கை ஒன்றுதானா என்று பாருங்கள். ஒத்துவராவிட்டால் இங்கேயே எழுதுங்கள்.