பெரிய வீட்டுக் குடும்பம், தூத்துக்குடி (வாட்ஸ்அப் குழு)

ஜெனி: சனிக்கிழமை லியோனுக்குப் பள்ளியில் பட்டறை வகுப்பு. வீணான பொருளில் தூண்டிலுக்குப் பொய் இரை செய்கிறார்களாம். பழைய கரண்டி, ரப்பர் செருப்பு, பல் துலக்கும் பிரஷ், பிஸ்கட் பொட்டலத்தின் வெள்ளித்தாள் வேண்டும். யாரிடம் என்ன இருக்கிறது?

சேவியர் மாமா: செருப்பு இருக்கிறது. வலது கால் மட்டும்.

ரோஸி அத்தை: இடது காலை நாய் கொண்டுபோய்விட்டது.

பெரியப்பா: எல்லோரும் கவனியுங்கள். கரண்டியின் காம்பை அறுத்துவிட வேண்டும், குழி மட்டும் போதும். இரண்டு முனையிலும் துளை. ஒடுங்கிய முனையில் தூண்டில் நரம்பு, அகன்ற முனையில் தூண்டில் முள். குழி இருப்பதால்தான் இழுக்கும்போது தத்தளித்து ஆடும். அடிபட்ட சாளை மீன் என்று நினைத்துப் பாரை மீன் பாயும். நரம்புக்கும் கரண்டிக்கும் நடுவில் சுழலும் வளையம் போடாவிட்டால் நரம்பு முறுக்கிக்கொள்ளும்.

மெர்சி: 👏

பெரியப்பா: இன்னும் முடிக்கவில்லை. செருப்பு மிதக்கும். விரல் நீளத்துக்கு வெட்டி, முகத்தைக் கொஞ்சம் குடைந்துவிட்டால் சுண்டிச் சுண்டி இழுக்கும்போது தண்ணீர் தெறிக்கும். ஊழி மீனுக்கு நல்லது. பிரஷ் காம்பு கணவாய்க்கு. அதற்குச் சாதாரண முள் ஆகாது. அடியில் சுற்றிலும் ஊசிகள், முனை மேல்நோக்கி. கணவாய் கடிக்க வராது, கட்டிப்பிடிக்க வரும்.

மெர்சி: கட்டிப்பிடிப்பதால் மாட்டிக்கொள்வது நம் குடும்பத்திலும் உண்டு.

சேவியர் மாமா: மெர்சி, உன் கல்யாணத்தைப் பற்றி இங்கே பேசாதே.

சேவியர் மாமா: எடைக்கு ஈயம் வேண்டுமே. நான் வந்து உருக்கி ஊற்றித் தருகிறேன்.

ஜெனி: வேண்டாம் மாமா. ஈயம் கூடாது என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிள்ளைகளின் மூளைக்குக் கெடுதல். இரும்பு நட்டு போதுமாம்.

சேவியர் மாமா: சிறு வயதில் நாங்கள் எல்லோரும் உருக்கியவர்கள்தான். என்ன ஆகிவிட்டது?

மெர்சி: அதைத்தான் குடும்பமே யோசித்துக்கொண்டிருக்கிறது.

பெரியப்பா: மாப்பிள்ளை, தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதியே முடிந்தது. உங்கள் விசைப்படகு இன்னும் கரையில் நிற்கிறது. முதலில் அதைப் பாருங்கள்.

சேவியர் மாமா: எஞ்சினில் யார் பங்கு எவ்வளவு என்று தெரிந்த பிறகு பார்க்கலாம் மச்சான்.

ஜெனி: (படம்) இந்தக் கரண்டி சரியாக இருக்குமா? பரணில் கிடைத்தது.

ரோஸி அத்தை: பெரிதாக்கிப் பார். காம்பில் "ம.ரோ." என்று இருக்கிறதா?

மெர்சி: இருக்கிறது.

ரோஸி அத்தை: அது என் சீர்ப் பாத்திரம். அம்மா இருந்தபோது கேட்டேன், காணவில்லை என்றார்கள்.

பெரியப்பா: பெயர் காம்பில்தானே இருக்கிறது. காம்பை அறுக்கத்தானே போகிறோம்.

ரோஸி அத்தை: என் பெயரை அறுப்பது உங்களுக்குப் புதிதா அண்ணன்? பத்திரத்திலும் அதைத்தான் செய்தீர்கள்.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சேவியர் மாமா: 26-ஆம் தேதி மாதா கோயில் கொடியேற்றம். திருச்சியிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள்? ஆகஸ்ட் 5 வரை தங்குவார்களா?

மெர்சி: போன வருடம் எங்கள் வீட்டில். இந்த வருடம் முடியாது, குளியலறை வேலை நடக்கிறது.

ஜெனி: துளை போட இயந்திரம்?

பெரியப்பா: மாப்பிள்ளையிடம் இருக்கிறது. என்னுடையது.

சேவியர் மாமா: இருக்கிறது. துளைக்கும் பிட் உடைந்திருக்கிறது.

பெரியப்பா: கொடுத்தபோது முழுதாக இருந்தது.

ஜெனி: முள்ளைக் கடைசியில்தான் மாட்ட வேண்டும், மாட்டியதும் முனையைத் தக்கையில் குத்தி வைக்க வேண்டும் என்று டீச்சர் எழுதியிருக்கிறார். உதவிக்குப் பெரியவர் ஒருவர் வர வேண்டுமாம். யார் வருகிறீர்கள்?

பெரியப்பா: நான் வருகிறேன்.

சேவியர் மாமா: நானும்.

ஜெனி: ஒருவர்தான்.

ரோஸி அத்தை: கரண்டியை யாரும் தொடாதீர்கள். மாலை வருகிறேன். லியோனுக்கு வேறு கரண்டி தருகிறேன், அது எவர்சில்வர்கூட இல்லை, அலுமினியம்.

பெரியப்பா: அலுமினியம் எடை பற்றாது.

ரோஸி அத்தை: நட்டு கட்டுங்கள்.

சேவியர் மாமா: திருச்சிக்காரர்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே?