நாணயச்சாலையில நியூட்டன்: உண்மையா வேலை செய்தவரோ?

உவர்மலை ரீச்சர்:
விஞ்ஞான தினத்துக்கு உயர்தரப் பிள்ளையள் நியூட்டனைப் பற்றிப் பேசப்போகினம். "1696இல் நாணயச்சாலைக்குப் போனார்" எண்டு, இங்கிலாந்தின்ர காசு அடிக்கிற இடத்தைப் பற்றி ஒரு வரிதான் புத்தகத்தில கிடக்கு. சும்மா சம்பளப் பதவியோ? கலியாணமும் செய்யேல்லை, வீட்டை ஆர் பார்த்தது?

கோட்டையடி:
ரீச்சர், பெரிசா வேலை இராது எண்டு சொல்லித்தான் நிதியமைச்சரா இருந்த மொண்டேகு அவரைக் கூப்பிட்டவர். மனுசன் அப்பிடி எடுக்கேல்லை. முதலில வார்டன் (கண்காணிப்பாளர்), 1699 முடிவில மாஸ்டர் (காசு அடிப்பிக்கிற பொறுப்பாளர்), 1727இல சாகுமட்டும் அதே பதவி.

போன நேரம் பழைய வெள்ளிக்காசு முழுக்க உருக்கித் திருப்பி அடிக்கிற காலம். சுத்தியலால அடிச்ச காசின்ர ஓரத்தை ஆக்கள் வெட்டி எடுத்திடுவினம். புதுக்காசுக்கு விளிம்பில எழுத்தோ வரியோ வரும், வெட்டினால் உடனே தெரியும். நியூட்டன் போட்ட கணக்கில, தகடு உருட்டுற ரெண்டு ஆலைக்கு 12 குதிரை, ரெண்டு அச்சுக்கு 14 கூலியாள். அச்சு நிமிசத்துக்கு 50–55 தரம் விழும். அந்த இடைவெளியில ஒருத்தர் கையால அச்சு விழாத வெறும் காசுவில்லையை வைக்கவேணும், பிந்தினால் விரல் போகும்.

பிள்ளையளுக்குக் காட்ட, வரி விளிம்புள்ள காசை மெழுகில உருட்டி அச்செடுங்கோ. அரம் போடவேண்டாம்!

உரைகல்:
மாற்று, அதாவது உலோகத்தின்ர சுத்தம், பார்க்கிறதையும் சேருங்கோ. வெள்ளித் துண்டை நிறுத்து, ஈயத்தோட எலும்புச்சாம்பல் கிண்ணத்தில வைச்சு உலையில விடுறது. ஈயமும் செம்பும் ஒக்சைட்டாகிச் சாம்பலுக்குள்ள ஊறிப்போக, வெள்ளி மணி மட்டும் மிஞ்சும். சட்டெண்டு ஆறவிட்டால் உறிஞ்சின ஒட்சிசன் வெளியேறி மணி தெறிக்கும். நிறை குறைஞ்சு, நல்ல வெள்ளியும் மட்டமாத் தெரியும். தங்கத்துக்கு, கிட்டத்தட்ட மூண்டு மடங்கு வெள்ளி சேர்த்து நைத்திரிக்கமிலத்தில போடவேணும். வெள்ளி குறைஞ்சால் அமிலம் உள்ள போகாது, கூடினால் தங்கம் பொடியாகிடும்.

நாணயச்சாலைக் காசின்ர தரம் பார்க்கிற 1710 பரிசோதனையில நியூட்டன்ர தங்கம் மாற்றுக் குறைவு எண்டு வந்தது. அவர் விடேல்லை: ஒப்புப் பார்க்க வைச்ச 1707ஆம் ஆண்டு மாதிரித் தகடுதான் 22 கரட்டுக்கு மேல எண்டு வாதாடினவர். அதுதான் சரியும்.

உவர்மலை ரீச்சர்:
நன்றி. வீட்டு விசயம்?

கோட்டையடி:
நாணயச்சாலை இருந்த லண்டன் கோபுரத்துக்குள்ள கொஞ்ச நாள், பிறகு லண்டன் ஜேர்மின் வீதி. வீட்டை நடத்தினது கதரின் பார்ட்டன், தாயின்ர ரெண்டாம் கலியாணத்துத் தங்கச்சியின்ர மகள். 1700இல அவவுக்கு அம்மை வந்து காய்ச்சல் விடாமல் கிடக்க, "முகம் எப்பிடி இருக்கு? கறந்த சூட்டோட பசுப்பால் குடிச்சால் காய்ச்சல் தணியலாம்" எண்ட கருத்தில கடிதம் எழுதினவர். கள்ளக்காசுக்காரரை விசாரிச்சு, சலோனர் எண்ட பெரிய கள்ளக்காசுக்காரனைத் தூக்குமேடை வரைக்கும் கொண்டுபோன அதே ஆள்!

கணித அறிஞர் பெர்னூலி சவாலா விட்ட கணக்கு 1697 சனவரியில வந்த கதையும் கதரின் சொன்னதுதான். பின்னேரம் 4 மணிக்கு நாணயச்சாலையால களைச்சு வந்தவர், விடிய 4 மணிக்குள்ள செய்து முடிச்சிட்டார். 1717இல அவ ஜோன் கொண்டுயிட்டைக் கட்டினவ. நியூட்டனுக்குப் பிறகு மாஸ்டரானதும் அந்த மருமோன்தான். வேற ஆற்றையும் குடும்பமெண்டால் ஊர் என்ன கதைச்சிருக்கும்!

கணக்கன்:
வர்த்தகப் பிள்ளையளுக்கு ஒண்டு. 1717இல கினி எண்ட தங்கக்காசு 21 சிலிங். ஒரு ட்ரோய் இறாத்தல் (தங்கம், வெள்ளி நிறுக்கிற அளவு) 22 கரட் தங்கத்தில 44½ கினி, அதாவது 934.5 சிலிங், சுத்தத் தங்கமெண்டால் சுமார் 1019. வெள்ளியில இறாத்தலுக்கு 62 சிலிங், 92.5 வீதம் எண்டபடியால் சுத்த வெள்ளி 67. வகுத்தால், தங்கம் அதே நிறை வெள்ளியைப்போல 15.2 மடங்கு விலை. அவற்ற அறிக்கைப்படி இந்தியாவில 12, சீனாவில 9 அல்லது 10தான். அங்க வெள்ளிக்கு மதிப்புக் கூட, கீழைநாட்டுக்கு வெள்ளி கப்பலேறினது அதாலதான். கினி 21 சிலிங் 6 பென்சில இருந்து இறங்கினது இதை நிப்பாட்டப் போதாமல் போச்சு.