ஸ்டொப் சைன் டிக்கெட்: காசைக் கட்டுறதோ, கோட்டுக்குப் போறதோ?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். ஒரு உதவி வேணும்.

நான் கனடாவில, ரொறொன்ரோ ஸ்காபரோவில இருக்கிறன். போன செவ்வாய் காலமை மகளைப் பள்ளிக்கூடத்தில இறக்கிப்போட்டு வரேக்க, ஸ்டொப் சைன்ல முழுசா நிக்கேல்லையெண்டு பொலிஸ் டிக்கெட் தந்திட்டுது. பிரேக் பிடிச்சனான்தான். ஆனால் சில்லு மெல்ல உருண்டுகொண்டிருந்தது, பொய் சொல்லேலாது.

110 டொலர். அதைக் கட்டிப்போட்டு விடலாம். லைசன்ஸில விழுகிற 3 டிமெரிட் பொயின்ற்றும் (குற்றப்புள்ளி) 2 வருசத்தில போயிடும். பயம் இன்சூரன்ஸுக்குத்தான். அவை பொயின்ற்றைப் பாக்கிறேல்லை, குற்றவாளியெண்டு பதிவாகியிருக்கோ எண்டுதான் பாக்கிறவை. அது 3 வருசம் ரெக்கோட்டில கிடக்கும். காசைக் கட்டினாலே குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரி. இது தெரியாமல் அண்டைக்கே ஒன்லைன்ல கட்டப் பாத்தனான், நல்ல காலம் கார்ட் வேலை செய்யேல்லை!

பதில் குடுக்க 15 நாள்தான், அதில 6 போட்டுது. ஏர்லி ரெசொலூஷன் (விசாரணைக்கு முதலே பேசித் தீர்க்கிறது) கேட்டு அரச வழக்கறிஞரோட கதைச்ச ஆக்கள் இருக்கிறியளோ? பொயின்ற் இல்லாத சின்னக் குற்றமா மாத்தித் தருவினமெண்டு சொல்லுகினம். ஆனால் அதுவும் குற்றப்பதிவுதானே, இன்சூரன்ஸுக்கு என்ன லாபம்? இல்லாட்டி நேரடியா விசாரணை கேக்கிறதோ? பாராலீகல் (லோயர் இல்லை, இப்பிடியான சின்ன வழக்குப் பேசுற ஆள்) பிடிச்சால் எவ்வளவு முடியும்?

எனக்கு இது முதல் டிக்கெட். ஐப்பசியில இன்சூரன்ஸ் ரினூவல் வருது, இவரும் அதே பொலிசியிலதான். ஒரே ஒரு டிக்கெட்டுக்குக் காசு ஏறினதோ எண்டு அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ. இவருக்கு இன்னும் சொல்லேல்லை.