புதுப்பிப்பு: ஸ்பூலில் மாட்டியிருந்த பிரிண்ட் வந்துவிட்டது

எங்கள் மெயின்ஃப்ரேமில் ராத்திரி பேட்ச் ஜாப் (ஆள் இல்லாமல் தானாக ஓடும் வேலை) ஒழுங்காக முடிந்தும் அவுட்புட் ஸ்பூலிலேயே (அச்சாகக் காத்திருக்கும் இடத்திலேயே) கிடக்கிறது, பிரிண்டர் அசையவே இல்லை என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, அது தீர்ந்துவிட்டது. பிரிண்டரில் கோளாறே இல்லை. அந்த அவுட்புட் கேட்ட ஃபார்ம் (காகித வகை) வேறு, பிரிண்டரில் மாட்டியிருந்தது வேறு. ஜாப்களையும் பிரிண்டையும் கவனிக்கும் ஜெஸ்2 அதற்காகக் காகிதத்தை மாற்றச் சொல்லும் ஹாஸ்ப்190 செட்டப் மெசேஜைப் போட்டுவிட்டு, காகிதத்தை மாற்றிவிட்டு டாலர் எஸ் ($S, பிரிண்டரை ஓடவிடும் கட்டளை) கொடுப்பார்கள் என்று சும்மா காத்திருந்திருக்கிறது. கன்சோலில் (ஆபரேட்டர் திரையில்) வரிசையாக வந்த மற்ற மெசேஜ்களில் அது மேலே ஓடிப்போய்விட்டது. டாலர் டி கொடுத்துப் பிரிண்டரின் நிலையைப் பாருங்கள் என்று சொன்னவருக்கு நன்றி, அங்கேதான் பிடி கிடைத்தது.

ஆனால் ஓட ஆரம்பித்ததுமே பேப்பர் ஜாம், சில பக்கங்கள் கசங்கிப் போயின. ஜாபை மறுபடி ஓட்டத் தேவையில்லை: டாலர் இசட் கொடுத்து நிறுத்தி, காகிதத்தைச் சரிசெய்து, டாலர் பி-யில் போதுமான பக்கம் பின்னால் போய், திரும்ப டாலர் எஸ். ஒன்றிரண்டு பக்கம் இரட்டையாக வந்தாலும் பரவாயில்லை, விட்டுப்போனால்தான் தலைவலி.

அப்புறம், ஒரு ஜாப் பிழையால் நடுவிலேயே நின்றுபோன அந்த எஸ்0சி7 அபெண்ட். ரீஸ்டார்ட் செய்து பார் என்று சிலர் சொன்னார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. எண் இருக்க வேண்டிய ஃபீல்டில் வேறு ஏதோ இருக்கிறது, எத்தனை முறை ஓட்டினாலும் அங்கேயேதான் விழும். அதுவே எஸ்பி37 அபெண்டாக இருந்தால் ஃபைலுக்கு இடம் போதவில்லை என்று அர்த்தம், அதைச் சரிசெய்து ஓட்டலாம். இந்த எஸ்0சி7-ஐ டம்ப்போடு (ஜாப் நின்றபோது மெமரியில் இருந்ததன் நகலோடு) புரோகிராமருக்கே அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் வரவில்லை.