சுகாதாரத் துறைக்கு ரீல்ஸ் வேணுமா, நர்சம்மா போதுமா?

செவ்வந்தி_தருமபுரி:
டெங்குவோ நாய்க்கடியோ, துறை இப்போ முதல்ல செய்யறது ஒரு போஸ்டர், ஒரு ரீல்ஸ். யாரு பார்க்கறாங்க? 2017 பிப்ரவரியில தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் நடந்துச்சே, 9 மாதக் குழந்தையிலிருந்து 15 வயசு வரைக்கும். வாட்ஸ்அப்ல கிளம்பின வதந்தியில பெத்தவங்க பலர் பிள்ளைகளுக்குப் போட விடல. பிப்ரவரியில முடிய வேண்டியது மார்ச்சுக்கு இழுத்துச்சு. சோஷியல் மீடியா பக்கம் போகாம, ஊர்ல நர்ஸ் காலியிடத்தை நிரப்புங்க.

வைகைக்கரையான்:
வதந்தி அங்கதான் ஓடுது, பதில் மட்டும் நோட்டீஸ் போர்டுல இருக்கணுமா? அன்னிக்குப் பிரச்சினையே துறை அந்த இடத்துல இல்லாததுதான். தனியார் ஆஸ்பத்திரியில வருஷக்கணக்கா காசு கொடுத்துப் போட்டுக்கிட்ட எம்.எம்.ஆர். ஊசியிலயும் இதே ரெண்டு மருந்தும் இருக்குன்னு ஒரு வாய்ஸ் நோட் போட்டிருந்தா பாதிப் பேச்சு அடங்கியிருக்கும்.

ஒண்ணாம்வகுப்பு_டீச்சர்:
நான் அப்போ பள்ளியில இருந்தவ. அம்மாக்கள் போனைத் தூக்கிட்டு வந்து, "ஒரே ஊசியை எல்லாப் பிள்ளைக்கும் குத்துறாங்களாமே"ன்னு நின்னாங்க. மருந்து பாட்டில் பத்து டோஸ், அதைப் பார்த்துதான் அந்தச் சந்தேகம். எங்க நர்சம்மா புது சிரிஞ்சு ஒண்ணைப் பிரிச்சு, ஒரு தடவை அழுத்திட்டு, "இப்ப இழுத்துப் பாருங்க"ன்னு ஒரு அம்மா கையிலயே கொடுத்தாங்க. வரல. ஒரு தடவைக்கு மேல இழுக்க முடியாதபடி பூட்டிக்கும். அதுக்கப்புறம்தான் பிள்ளைகளை விட்டாங்க. இதை எந்த போஸ்டர் செய்யும்?

வைகைக்கரையான்:
டீச்சர், நீங்க எனக்குத்தான் சாட்சி சொல்றீங்க! அதை அங்க இருந்த யாராவது போன்ல எடுத்திருந்தா இருபது நொடி வீடியோ. எடுக்காததால ஒரு பள்ளிக்கூடத்தோட போச்சு.

செவ்வந்தி_தருமபுரி:
எடுத்தா மட்டும்? நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15-ல ஓமந்தூரார் ஆஸ்பத்திரியில கேமரா முன்னாடி கோவாக்சின் கொரோனா ஊசி போட்டுக்கிட்டார், ஜனங்க பயப்படாம இருக்கணும்னுதான். 17-ஆம் தேதி மாரடைப்புல இறந்துட்டார். ரத்தக்குழாய் அடைப்பு, ஊசிக்குச் சம்பந்தமில்லைன்னு டாக்டர்கள் சொன்னாங்க. யாரு கேட்டா? துறை விளம்பரத்துக்கு எடுத்த காட்சியே ஊசிக்கு எதிரான ஃபார்வர்டா மாறிச்சு. ஊசிதான் காரணமான்னு ஆராய்ஞ்ச மத்தியக் குழுவோட முடிவு அக்டோபர்லதான் வந்துச்சு. ஆறு மாசம்!

நைட்டிங்கேல்_இல்லை:
பிரபலத்தை வெச்சுப் பண்ணினா அதுதான் ஆபத்து, ஒரு ஆள் மேல மொத்த நம்பிக்கையும் ஏறிடும். ஆனா விவேக் இறந்த அடுத்த மாசமே ஆக்சிஜன் படுக்கைக்கு, சுகாதார உதவி எண் 104-ஓட கட்டளை மையத்தோட ட்விட்டர் கணக்குல ஜனங்க கேட்டாங்களே, அதுவும் சோஷியல் மீடியாதானே?

செவ்வந்தி_தருமபுரி:
ட்விட்டர் வெச்சிருந்தவங்க கேட்டாங்க. எங்க மலைக்கிராமத்துல யாரு வெச்சிருந்தா?

வைகைக்கரையான்:
104-க்கு போனும் பண்ணலாமே, ட்விட்டர் கூடுதல் வழிதான். இன்னொண்ணு, வாட்ஸ்அப்பே 2018-ல ஒரு தடவைக்கு அஞ்சு சாட்டுக்கு மேல ஃபார்வர்டு பண்ண முடியாதுன்னு வெச்சாங்க. 2020-ல, ரொம்ப சுத்தின செய்தின்னா ஒரே சாட்டுதான். வதந்தி நின்னுச்சா? பேரண்ட்ஸ் குரூப் ஒண்ணு போதும், ஒரே அழுத்துல இருநூறு வீடு. நான் கேக்கறது ரீல்ஸ் இல்ல. அந்தக் குரூப்புல நர்சம்மா இருக்கணும், கேள்வி வந்த அன்னிக்கே பதில் சொல்லணும்.

ஒண்ணாம்வகுப்பு_டீச்சர்:
அவங்களுக்கு ஏற்கெனவே வீடு வீடாப் போற வேலை, கர்ப்பிணிகளை பிக்மிங்கற அரசுப் பதிவுத் தளத்துல ஏத்தற வேலை. ராத்திரி பத்து மணிக்கு "மேடம் காய்ச்சலோட ஊசி போடலாமா"ன்னு வர்றதுக்கும் பதில் சொல்லணுமா? சம்பளம் யாரு கொடுப்பா?

வைகைக்கரையான்:
ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு ஆளை இதுக்குன்னே போடட்டும். ரீல்ஸ் எடுக்கற ஏஜென்சிக்குப் போற காசுல போடலாம்.

செவ்வந்தி_தருமபுரி:
இப்பத்தான் நான் முதல்ல சொன்ன இடத்துக்கு வர்றீங்க, ஆளைப் போடுங்கன்னு. ஆனா ஒண்ணு, எங்க ஊர்ல ரெண்டு குரூப். ரெண்டுக்கும் அட்மின் ஆளுக்கொரு கட்சி. நர்சம்மாவை எதுல சேர்ப்பீங்க?