இருவர் சேர்ந்து தையல் கடை: எதை முதலில் பதிவு செய்வது?

கேள்வி:
வீட்டிலேயே ரவிக்கை தைத்துவந்த நானும் என் அண்ணியும் மேற்கு மாம்பலத்தில் வாடகைக்குக் கடை பார்த்திருக்கிறோம். கணக்கு இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி உடனே தேவையா?

பதில் 1:
முதலில் கூட்டாண்மைப் பத்திரம் எழுதுங்கள். முதலீடு, இலாபப் பங்கு, ஒருவர் விலகினால் தையல் இயந்திரங்கள் யாருக்கு என்பது வரை அதில் இருக்கட்டும். உறவினர்தானே என்று இதை விட்டுவிடாதீர்கள். 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி நிறுவனத்தைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் பதிவாகாத நிறுவனம், மொத்தமாகச் சீருடை தைத்து வாங்கியவர் பணம் தராவிட்டால், 69ஆம் பிரிவின் காரணமாக அவர்மீது வழக்குத் தொடர முடியாது. ஆகவே பதிவு செய்துவிடுவதே நல்லது.

பதில் 2:
பொருள் மட்டும் விற்போருக்குத் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவுக்கான வரவு வரம்பு ஆண்டுக்கு 40 இலட்சம் ரூபாய். வாடிக்கையாளர் தரும் துணியைத் தைத்துக் கொடுப்பது சேவை என்பதால், உங்களுக்கு 20 இலட்சமே வரம்பு. அதுவரை பொதுவாகப் பதிவு தேவையில்லை. சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு முற்றிலும் இலவசம், அதற்குப் பணம் கேட்பவரை நம்ப வேண்டாம்.

பதில் 3:
வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் உரிமையாளரிடம் சொத்துவரி ரசீதைக் கேட்டுப் பாருங்கள், அண்ணியின் பெயரையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். மாநகராட்சித் தொழில் உரிமத்துக்கு எந்தெந்த ஆவணங்கள் வேண்டும் என்பதை மண்டல அலுவலகத்தில் முன்பே விசாரித்துவிடுங்கள்.