மறு: 'ரீபூட்' – தமிழில் 'மறுதாம்பு' பொருந்துமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய தொடர் ஒன்றைப் புதிதாக மறுபடி எடுப்பதை 'ரீபூட்' என்கிறார்களே, அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சில், போன வாரம் ஒரே வரியில் 'மறுதாம்பு என்று வைக்கலாமே' என்று போட்டுவிட்டுப் போய்விட்டேன். வெட்டிய கரும்புக் கட்டையிலிருந்து மறுபடி முளைப்பதுதான் மறுதாம்பு. இங்கே கரும்பு வெட்டு நேரம், விளக்கி எழுத முடியவில்லை. அதற்குள் நாலைந்து மறுப்புகள் வந்துவிட்டன. எல்லாமே யோசிக்க வைத்தவை. எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன்.

> மறுதொடக்கம் கணினித் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. கார்ட்டூன் தொடருக்கும் அதையே எடுத்துக்கொண்டால் போதுமே?

கணினிக்கு அது நல்ல சொல்தான். அணைத்துப் போட்டால் தற்காலிக நினைவகத்தில் இருந்தது துடைத்துப் போகும், கருவி புதிதாக எழுந்து உட்காரும். ஆனால் பழைய தொடரைப் பார்த்து வளர்ந்தவன் தலைக்குள் இருப்பது அப்படித் துடைபடாது. புதிய தொடர் அந்த நினைவின் மேல்தான் முளைக்கிறது. அது நன்றாக வந்ததா இல்லையா என்ற கேள்வியே அந்த நினைவை வைத்துத்தான் எழுகிறது. 'மறுதொடக்கம்' என்ற சொல்லில் அதற்கு இடமே இல்லை என்பதுதான் என் குறை.

இது வெறும் சொல் தகராறு இல்லை என்று எனக்குப் புரிந்தது கோபிசெட்டிபாளையத்தில்தான். சனிக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை உட்கார வைத்து, ஏதாவது படம் போட்டு, அதைப் பற்றிப் பேசச் சொல்வோம். ஒரு நாள் 2005-இல் வந்த பென் 10 தொடரின் முதல் அத்தியாயம், அடுத்து 2016-இல் புதிதாக ஆரம்பித்ததன் முதல் அத்தியாயம் என்று இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டோம். பழையதில் பென், க்வென், தாத்தா மேக்ஸ் மூன்று பேரும் கோடை விடுமுறைக்கு வண்டியில் கிளம்புகிறார்கள். ராத்திரி காட்டுக்குள் வானத்திலிருந்து ஏதோ வந்து விழுகிறது. பென் அருகில் போகிறான், அவனை வேற்றுக்கிரக உயிர்களாக மாற்றும் அந்தக் கடிகாரம் தானாகத் தாவிக் கையைப் பிடித்துக்கொள்கிறது. பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். புதியதில் முதல் காட்சிகளிலேயே கடிகாரம் கையில் இருக்கிறது.

ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி அன்றைக்கு நேரம் கழித்து வந்தாள். பழையதை அவள் பார்க்கவில்லை. புதியது ஓடிக்கொண்டிருக்கும்போதே, "ஏனுங்க சார், இந்த வாட்ச் இவனுக்கு யாருங்க குடுத்தாங்க?" என்று கேட்டாள். பக்கத்திலிருந்த அவள் அண்ணன் குனிந்து, அந்தக் காட்டையும் வானத்திலிருந்து விழுந்ததையும் காதுக்குள் சொன்னான். அவன் சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகம் தெளிந்தது. எனக்கு அந்த நிமிஷம்தான் முக்கியம். புதிய தொடர் தன் வேரைத் தானே காட்டாமல், அண்ணன் வாயில் இருந்த பழைய தொடரிடம் கடன் வாங்கி ஓடியது. 'மறுதொடக்கம்' என்று எழுதினால் இதை எப்படிச் சொல்வது? அங்கே எதுவும் தொடங்கவே இல்லையே.

சரி, மறுதாம்புக்கு வருகிறேன். கரும்பு போடாத ஊர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன்.

கரணை, அதாவது கரும்புத் துண்டு, நட்டு வளர்ப்பது நடவுக் கரும்பு. அதை வெட்டிய பிறகு, மண்ணுக்குள் இருக்கும் கட்டையிலிருந்து தானாக முளைத்து வருவது மறுதாம்பு. எங்கள் காடு (வயலைத்தான் அப்படிச் சொல்வோம்) கவுந்தப்பாடி பக்கம். வெட்டு முடிந்து சோகையை (காய்ந்த தோகையை) ஒதுக்கியதும், மண்வெட்டியை நன்றாகத் தீட்டிக்கொண்டு கட்டை சீவ இறங்குவார்கள். வெட்டுக்காரர்கள் அவசரத்தில் ஒரு சாண் உயரம் விட்டுப் போயிருப்பார்கள். அதை மண் மட்டத்தோடு, இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிச் சீவ வேண்டும். சீவாமல் விட்டால் மேலே நிற்கும் கணுவிலிருந்து முளை கிளம்பும். சீக்கிரமே பச்சை கட்டும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் அதற்கு வேர் இறக்க மண் கிடையாது, வளர்ந்ததும் சாய்ந்துவிடும். மண்ணுக்குள் இருக்கும் பருவிலிருந்து, அதாவது முளைக்கண்ணிலிருந்து, வருவதுதான் நிற்கும். அந்த முளைக்கு முதலில் சோறு போடுவது பழைய வேர். பழைய வேர் கொஞ்ச நாளில் மக்கிவிடும். அதற்குள் புது முளை தன் வேரைத் தானே விட்டிருக்க வேண்டும். என் அப்பாரு கட்டை சீவும் ஆட்களுக்குப் பின்னாலேயே நடந்து, "இன்னும் இறக்கிச் சீவு சாமி, கட்டையப் பாத்துப் பாவப்படாத" என்று சொல்லிக்கொண்டே வருவார்.

ஒரு ரீபூட்டைப் பார்க்கும்போது நான் கவனிப்பதெல்லாம் இதில் இருக்கிறது. பழையதன் மேல்கணுவைப் பிடித்துக்கொண்டு முளைத்ததா, அடியிலிருந்து வந்ததா? முதல் சில அத்தியாயங்களுக்குப் பழைய பாசம் சோறு போடும். அதற்குப் பிறகு தன் வேர் விட்டதா?

டக்டேல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1987-இல் வந்த தொடரில் ஹூயி, டூயி, லூயி மூன்று வாத்துக் குஞ்சுகளுக்கும் ஒரே குரல். சட்டை நிறத்தை வைத்துத்தான் யார் எவர் என்று பிரிக்க முடியும். அவர்களை வளர்க்கும் மாமா டொனால்ட் கடற்படைக்குப் போகிறார், பிள்ளைகளைத் தன் பணக்கார மாமா ஸ்க்ரூஜிடம் விட்டுவிடுகிறார். பிள்ளைகளின் அம்மா எங்கே என்ற பேச்சே பெரிதாக இல்லை. 2017-இல் மறுபடி எடுத்தவர்கள் அதே மூன்று நிறத்தை வைத்துக்கொண்டு மூவருக்கும் மூன்று குரல், மூன்று குணம் கொடுத்தார்கள். அப்புறம், அம்மா டெல்லா எங்கே போனாள் என்ற கேள்வியையே கதையின் நடு நரம்பாக வைத்தார்கள். முப்பது வருஷம் கட்டையில் தூங்கிக் கிடந்த பரு அது. பழைய பாட்டும் இருந்தது, பணக் களஞ்சியத்துக்குள் நீச்சலும் இருந்தது. ஆனால் இரண்டாவது பருவத்துக்கு வரும்போது அந்தத் தொடர் தன் சொந்த வேரில் நின்றது. வரிசையில் முளைக்காமல் விட்டுப்போன இடங்களில் நாற்று வைப்பதைப் பாடுவாசி நிரப்புதல் என்கிறோம். மூன்று பிள்ளைகளுக்கும் குணம் கொடுத்ததை நான் அப்படித்தான் பார்க்கிறேன். என்னைக் கேட்டால் நல்ல மறுதாம்புக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

2016-இல் வந்த பவர்பஃப் கேர்ள்ஸ் எனக்கு மேல்கணு முளையாகத்தான் தெரிந்தது. 1998-இல் இருந்த அதே பெரிய கண்கள், அதே மூன்று நிறங்கள். ஆனால் மூன்று பெண்களுக்கும் குரலை மாற்றிவிட்டார்கள். கண்ணுக்குப் பழகிய முகத்திலிருந்து பழகாத குரல் வந்தபோது, மாற்றியதற்கான காரணம் கதைக்குள் எங்காவது கிடைக்கும் என்று தேடினேன். கிடைக்கவில்லை.

> மறுதாம்பு என்றாலே மகசூல் குறைவு, செலவு மிச்சம் என்ற எண்ணம் வரும். கலைச்சொல் நடுநிலையாக இருக்க வேண்டாமா?

ஈரோட்டிலிருந்து அக்கா எழுதிய இந்த மறுப்புதான் எல்லாவற்றிலும் வலுவானது. இரண்டு நாள் இதையே யோசித்தேன். மறுதாம்பில் கரணைச் செலவு இல்லை, நடவுக்கூலி இல்லை என்பது உண்மை. தயாரிப்பாளர்கள் பழைய பெயரைத் தேடிப் போவதும் அதனால்தானே? பெயரை மக்களிடம் அறிமுகப்படுத்தும் செலவு அவர்களுக்கு மிச்சம். அந்த நிஜத்தைச் சொல் மறைக்காமல் இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன். மகசூல் விஷயத்தில் காடு கண்ட யாரும் மறுதாம்பை எடுத்த எடுப்பில் மட்டம் என்று சொல்லமாட்டார்கள். நேரத்துக்குக் கட்டை சீவி, பாடுவாசி நிரப்பி, தழைச்சத்தை நடவுக் கரும்பைவிடக் கூட்டிக் கொடுத்தால் முதல் மறுதாம்பு நன்றாகவே வரும். ஒன்றும் செய்யாமல் தண்ணீரை மட்டும் விட்டுக்கொண்டிருந்தால்தான் ஏமாற்றும். நம் சொல்லும் அப்படித்தான். நல்லது கெட்டது இரண்டுக்கும் அதில் இடமிருக்கிறது.

எத்தனை மறுதாம்பு விடலாம் என்ற கேள்வியும் கூடவே வருகிறது. எங்கள் பக்கம் இரண்டு மூன்றோடு உழுதுவிட்டுப் புதிதாக நடுவார்கள். நின்ஜா ஆமைகள் கார்ட்டூன் தொடரை எண்ணிப் பாருங்கள். தொலைக்காட்சியில் நடவு 1987. அதன் பிறகு 2003, 2012, 2018. மூன்றாவது மறுதாம்பில் நான்கு ஆமைகளையும் வேறு வேறு ஆமை இனமாக்கி, தலைமையை ராஃபேலிடம் கொடுத்து, படம் வரையும் முறையையும் மாற்றினார்கள். கட்டை களைத்துப்போனதை உணர்ந்து ஆழமாகச் சீவியிருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. இதை எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதும் தெரியும்.

> நகரத்துப் பிள்ளைகளுக்கு மறுதாம்பு தெரியாது.

இப்போது இந்த விவாதத்தை நாம் 'இழை' என்கிறோம். அது சென்னிமலைத் தறியில் ஓடுகிற சொல். தறியில் உட்கார்ந்தவர்கள் மட்டுமா இந்தக் குழுவில் அதைச் சொல்கிறோம்? பொருள் தெரியாத சொல்லைப் பழக்கத்தால் கற்றுக்கொள்வார்கள். பொருளே இல்லாத சொல் என்றால்தான் கஷ்டம்.

ஒரு தொடரிலிருந்து கிளைத்து வரும் வேறு தொடரான ஸ்பின்-ஆஃப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதற்கு வாழைக்காரர்களின் 'பக்கக்கன்று' போதும் என்பது என் கருத்து. 2013-இல் வந்த டீன் டைட்டன்ஸ் கோ போன்றவற்றை மறுதாம்புக் கணக்கில் சேர்த்துத் திட்டுவதும் அதனால் குறையும். குரல்கள் 2003 தொடரில் இருந்தவைதான், ஆனால் இது பக்கத்தில் கிளம்பிய வேடிக்கைத் தொடர். ரீமேக்குக்கு 'மறுஆக்கம்' இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நம் கலைச்சொல் பட்டியலில் 'மறுதாம்பு', 'மறுதாம்புத் தொடர்' இரண்டையும் பரிந்துரை என்ற குறிப்போடு சேர்க்கிறேன். வினைக்கு 'மறுதாம்பு விடுதல்' என்று எழுதலாமா என்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் தயக்கம். எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். காங்கேயம், தாராபுரம் பக்கத்து நண்பர்கள் சோளத்தட்டை அறுத்துவிட்டு மறுபடி தழைய விடுவீர்களே, அதை வாயில் எப்படிச் சொல்வீர்கள்? வீட்டில் பெரியவர்களைக் கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள்.